மூன்றாம் பெஞ்சின் அவரைச் செடி

அன்பு மகளுக்கு,

இது நானே எழுதியது! ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடுகிறது.

உன் குட்டி நம்மை விட்டுப் போன பிறகு, அவள் பையை வாங்கத்தான் ஒன்றாம் வகுப்புக்குப் போனேன். அவள் இடத்தில் சும்மா உட்கார்ந்தேன். பக்கத்து இடத்து வாயாடி ஒரு செடித் தொட்டியை என் முன்னால் நகர்த்தினாள்.

“இங்க உட்கார்றவங்கதான் இதுக்குத் தண்ணி ஊத்தணும், தாத்தா. டீச்சர் சட்டம்!”

பிறகு எப்படி எழுந்திருப்பது? பருவம் முழுக்கப் போனேன். எழுத்து வந்தது, மணி பார்க்க வந்தது. “கல்லுக்கு உயிர் இல்ல!” என்று கத்தியதற்கு, கையைத் தூக்காமல் பேசியதாகத் திட்டு வாங்கினேன். உயிருள்ளவை வளரும், உயிரற்றவை அப்படியே இருக்கும் என்று எழுதினோம். நீயும் நானும் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.

நீ உன் அறைக் கதவைத் திறப்பதில்லை. அதனால் இதை அடியில் தள்ளுகிறேன்.

நாளை எல்லோரும் தங்கள் செடியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். குட்டியின் அவரை பூத்திருக்கிறது. ஆனால் என்னிடம் தரமாட்டார்களாம். “நீங்களும் மாணவர்தானே, ஐயா? வீட்டுலேர்ந்து பெரியவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்கிறார் டீச்சர்.

எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உன் அப்பா,
ஒன்றாம் வகுப்பு