தகப்பன் பக்கத்துப் பிரதி

கொட்டாஞ்சேனை
12.05.1999

அன்புள்ள ஜெசிந்தாவின் அப்பா அறிவது,

நானும் பிள்ளையும் மாமியும் சுகம். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதீர்கள். மாமியோடு போனில் கதைக்கும்போது என் பெயரைக்கூடக் கேட்பதில்லை என்று குறைசொல்ல இதை எழுதவில்லை. அதையும் இப்போது சொல்லியாகிவிட்டது.

ஜெசிந்தாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு சொல் வரவில்லை, நடையும் தள்ளாட்டம். சிரிப்புக்கு மட்டும் குறைவில்லை. போன கிழமை ஜிந்துப்பிட்டிச் சந்தியில் சோதனைக்குப் பையைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரனைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு, "யன்ன, யன்ன" என்று எங்களைப் போகவிட்டான்.

டொக்டர் இராஜநாயகம் என்று ஒரு நல்ல மனிதரைக் கடவுள் காட்டினார். இவள் ஏன் இப்படி என்று இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாமாம். வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்று செய்து தருகிறது. தாய், தகப்பன் இருவருடைய இரத்தமும் வேண்டும். நீங்களோ மிலானில். மாமி உடனே உங்கள் தம்பி கிளெமென்ற்றை இழுத்துவந்தார். "ரெண்டும் என்ர வயித்துப் பிள்ளையள், ஒரே ரத்தம்தானே! யார்ட எண்டா என்ன?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஊசியைக் கண்டாலே மயங்குகிற கிளெமென்ற், பாவம், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

நேற்று டொக்டர் நர்ஸை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். "மிஸிஸ், சொல்லவே சங்கடமாயிருக்கு. ரத்தம் குடுத்தவர் பிள்ளையின்ட தகப்பன் இல்லை எண்டு வந்திருக்கு" என்றார். "ஓம் டொக்டர், அவர் சித்தப்பா" என்றேன். அந்த மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

உங்களிடம் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். டொக்டரின் கடிதம் இத்துடன் இருக்கிறது. அங்குள்ள ஆஸ்பத்திரியில் இரத்தம் கொடுங்கள், அவர்களே அனுப்பிவைப்பார்கள். குண்டு வெடித்த அன்று ஏழு மாத வயிற்றோடு நான் கோட்டைப் பகுதியில் படியில் விழுந்தேனே, அதுதான் காரணமென்றால் அதையும் தாங்குவேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஜெசிந்தாவின் அம்மா


மிலான்
06.06.1999

அன்பின் செலீன்,

நேற்று இரத்தம் கொடுத்தேன். உன் கடிதம் வந்து பத்து நாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த பிறகுதான் துணிவு வந்தது.

அன்று நீ எதற்காகக் கோட்டைக்குப் போனாய்? என் பாஸ்போர்ட் அலுவலாக. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, "பிள்ளைத்தாச்சியை ஒருத்தரும் மறிக்கமாட்டாங்கள்" என்று உன்னை அனுப்பியவன் நான். பிள்ளை இப்படி என்று தெரிந்ததும் அதே பாஸ்போர்ட்டோடு பிளேன் ஏறி ஓடிவந்தவனும் நான்தான். உன்மேல் குற்றம் வைத்துத்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று நினைத்தாய் போலிருக்கிறது. உன் பெயரைச் சொன்னால் அந்தப் படிக்கட்டுத்தான் கண்ணுக்குள் வருகிறது, செலீன்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒஸ்வால்ட்


கொட்டாஞ்சேனை
20.10.1999

அன்புள்ள ஜெசிந்தாவின் அப்பா அறிவது,

முடிவு வந்துவிட்டது. டொக்டர் ஒரு மணித்தியாலம் இருத்திவைத்து விளங்கப்படுத்தினார். விளங்கியதை எழுதுகிறேன்.

எந்த மரபணு எங்கே வேலை செய்ய வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று உடம்பு அதன்மேல் அடையாளம் போட்டு வைத்திருக்கிறதாம். ஒவ்வொன்றும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதியாக வருகிறது. இந்தக் குறிப்பிட்ட மரபணுவில் தாயின் பிரதிதான் மூளையில் வேலை செய்யுமாம். தகப்பனுடையது அங்கே உறங்கும். உங்களுக்கும் எனக்கும், உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான். ஜெசிந்தாவுக்கு என் பக்கத்துத் துண்டு அறுந்துபோய்விட்டது.

என் பக்கம் என்றதும், "நான் படியில விழுந்ததாலயோ டொக்டர்?" என்று கேட்டேன். "மிஸிஸ், இது கரு உண்டாக முதலே முட்டையில நடந்தது. ஒருத்தற்ற பிழையும் இல்லை. நீங்கள் விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை" என்றார். நான் அந்த மேசையிலேயே தலைவைத்து அழுதேன். மூன்று வருடத்து அழுகை.

உங்களுடைய பிரதி பழுதில்லாமல் முழுசாக இருக்கிறதாம், வாயைத்தான் திறக்காதாம். "எங்கட வீட்டு ஆளும் அப்பிடித்தான் டொக்டர்" என்றேன். அதை எழுப்ப மருந்து உண்டா என்று கேட்டேன். இன்றைக்கு இல்லை, ஆனால் தேடலாம் என்றார். பிள்ளைக்கு இடைக்கிடை வருகிற வலிப்புக்கு மருந்து கிடைத்திருக்கிறது, கைச்சாடை பழக்க ஒரு ரீச்சரும் கிடைத்திருக்கிறார். தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது கன்னத்தைத் தொட்டுக் காட்டுகிறாள். எனக்கு அது போதும்.

டொக்டருக்கும் மாமிக்கும் கிளெமென்ற்றுக்கும் நன்றிப் பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தேன். உங்கள் பெயரையும் சேர்த்தேன். அந்தப் படிக்கட்டை இனி இறக்கிவையுங்கள்.

செலீன்


மிலான்
15.11.1999

அன்பின் செலீன்,

உன் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்து, இறங்கும் இடத்தைத் தவறவிட்டேன். ஆண்டவருக்கும் உனக்கும் நன்றி.

வீட்டுக்கு வரலாமா? வந்தால் திரும்பிப் போவதாக இல்லை. என்னை மன்னிப்பாயா?

ஒஸ்வால்ட்


கொட்டாஞ்சேனை
01.12.1999

அன்புள்ள ஒஸ்வால்ட்,

நீங்கள் கேட்டதை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அப்போதே எழும்பி முன்னறை ஜன்னல் சீலையைத் தோய்க்கப் போட்டுவிட்டார்.

பிள்ளையின் நோய்க்காக உங்களை மன்னிக்க ஒன்றுமில்லை. எங்களை விட்டுவிட்டுப் போனதற்கு இருக்கிறது. அதை மரபணு செய்யவில்லை, நீங்கள் செய்தீர்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கடல் கடந்து இருக்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடித்துத் தீர்ப்பது?

வாருங்கள். முதலில் திட்டு வாங்குங்கள். பிறகு சாப்பிடலாம்.

உங்கள்,
செலீன்