எட்டால் வகுத்தால் மீதி மூன்று

அணுபுரம்,
12.1.2001

அன்புள்ள ஜெபகுமாருக்கு,

பார்த்தசாரதி எழுதுகிறேன். கவரில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. ராஜமும் மகள் ஸ்வாதியும் சுகம். ராஜஸ்தான் குளிர் உன் மூட்டுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் மனைவி, தங்கச்சி பிரிசில்லா, ராஜத்திடம் போனில் சொன்னாளாம். இங்கே கல்பாக்கத்துக்கே மாறுதல் கேட்க இந்த மாதம் முப்பத்தொன்று கடைசி நாளாம். நீ விண்ணப்பத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாயாம். காரணம் நான் என்று எனக்குத் தெரியும்.

இரண்டை இரண்டாலேயே எழுபது லட்சத்துச் சொச்சம் முறை பெருக்கி ஒன்றைக் கழித்த எண். எழுதினால் இருபது லட்சம் இலக்கம். அது பிரைமா, அதாவது பகா எண்ணா என்று உன் வீட்டுக் கம்ப்யூட்டர் நாற்பது நாளாக ஓடிக்கொண்டிருந்தது. நான் கேண்டீனில், எல்லோர் முன்னாலும், இதை மீதியில்லாமல் வகுக்கும் வகுத்தி கிடைத்துவிட்டது, இது பகா எண்ணே இல்லை, ஜெபா சும்மா கரண்டை எரிக்கிறான் என்றேன். நீ என்னை நம்பி, வீட்டுக்குப் போய் அதை நிறுத்தினாய். மறுநாளிலிருந்து கேண்டீன் சின்னையன் டீ வைக்கும்போதெல்லாம், "இன்னா பிரைம் மினிஸ்டரே, ஆட்சி கவுந்துகிச்சா?" என்று கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆறே மாதத்தில் நீ மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய்.

போன செப்டம்பரில் குவார்ட்டர்ஸ் மாறும்போது அந்த வகுத்தியை நான் எழுதிவைத்த கணக்குத்தாள் அகப்பட்டது. இந்த வகை எண்ணை வகுக்கும் எதையும் எட்டால் வகுத்தால் மீதி ஒன்றோ ஏழோதான் வரும். என் வகுத்திக்கு வந்தது மூன்று. கடைசி மூன்று இலக்கத்தை வைத்தே பத்து நொடியில் பார்த்திருக்கலாம்டா. நான் பார்க்கவில்லை. எனக்குப் பொறாமை, ஜெபா. உன் எண் உடையவேண்டும் என்று ஆசைப்பட்டேன். உடைந்ததாகத் தெரிந்ததும் சரிபார்க்க மனசு வரவில்லை.

உன் எண்ணின் சோதனையை என் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து போட்டேன். உப்புக்காற்று படும் என்று ராஜம் துண்டைப் போர்த்திவிட, சூடேறி இரண்டு தடவை நின்றே போயிற்று. ஒருவழியாகச் செவ்வாய்க்கிழமை முடிந்தது. பகா எண் இல்லை. வகுபடும். எதால் வகுபடும் என்று அந்தச் சோதனை சொல்லாது, எனக்கும் தெரியாது. அன்றும் இன்றும் முடிவு ஒன்றுதானே, பழைய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள் என்றாள் ராஜம். அதெப்படி ஒன்றாகும்? கடைசிவரை போய்ப் பார்த்திருக்கவேண்டியவன் நீ. உன்னைப் பாதியில் எழுப்பிவிட்டவன் நான்.

நேற்று கேண்டீனில் இதையெல்லாம் எழுந்து நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சின்னையன் மட்டும், "அவர இட்டுகினு வா சார்" என்றான்.

விண்ணப்பத்தை அனுப்பிவிடு. வந்த பிறகு என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஊருக்கு வந்து சேர். உன் ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். எனக்காகவும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. என் குரல் அவருக்குப் பழக்கமில்லை.

இப்படிக்கு,
உன்னிடம் தனியாக வந்து சொல்லியிருக்கவேண்டிய
பார்த்தா