மஞ்சள் துணியில் முடிந்த பிரிமியம்

மெர்லிமாவ்
ஆகஸ்டு 1951

அன்பு மகன் நல்லமுத்துவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கச்சி மீனம்மாவும் இங்கே ஏதோ தின்று, மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். பகாங்கில் நீ கை கால் முழுசாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனை நச்சரித்துக்கொண்டே இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. லாரி ஓட்டுகிற வேலைக்கு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டேன், அம்மா, உன் பெயரைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறேன், இனிமேல் உனக்குக் கவலையே இல்லை என்று எழுதியிருந்தாய். மீனம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை, தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்பா காரியம் முடிந்ததும் நீ திரும்பிவிட்டாய், அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் எழுதவில்லை. அவர் எடுத்திருந்த பாலிசி உனக்குத் தெரியும். சம்பள நாளில் பாச்சாங்கிலிருந்து ஏஜெண்டு ரங்கசாமி சைக்கிளில் வந்து வாசலிலேயே பணம் வாங்கி ரசீது கொடுப்பான். வெள்ளைக்காரன் நம்மை எல்லாம் முள்கம்பி வேலிக்குள்ளே குடிவைத்தான், காட்டுக்குள்ளே இருக்கிற கம்யூனிஸ்டுகள் இந்தப் பக்கத்து ரோட்டில் பஸ்ஸை எரித்தார்கள், அத்தோடு அவன் வருவது நின்றுபோனது. உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, நேர்த்திக்கடனுக்கு முடிகிற மாதிரி ஒவ்வொரு சம்பளத்துக்கும் பிரிமியக் காசை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். சாமிகிட்ட வச்சாச்சு புள்ள, கட்டுன மாதிரிதான், அவன் வர்றப்ப அப்படியே தூக்கிக் குடுத்துடலாம் என்றார். நானும் சரி என்றேன். சாமிக்கு முடிந்த காசை யார் தொடுவார்கள், மீனம்மா காய்ச்சலில் கிடந்தபோதுகூட நாங்கள் தொடவில்லை. அப்புறம் அதே காய்ச்சல் அவருக்கு வந்தது, அவரைக் கொண்டுபோய்விட்டது.

போன மாதம் வேலிக்கு வெளியே போகப் பெர்மிட் வாங்கிக்கொண்டு, ரசீதுகளையும் அந்த முடிச்சையும் எடுத்துக்கொண்டு பாச்சாங்கில் ரங்கசாமி வீட்டுக்கே போனேன். முடிச்சைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. அக்கா, கம்பெனிக்குச் சாமியத் தெரியாதுலா, ரசீதுதான் தெரியும் என்றான். கெடு தாண்டினால் ஒரு மாதம் பொறுப்பார்களாம், அதற்கு கிரேஸ் என்று பெயராம். அதற்குள்ளும் கட்டாவிட்டால் லாப்ஸாம், அப்படி என்றால் பாலிசி செத்துப்போச்சு என்று அர்த்தமாம். உன் அப்பாவுக்கு முந்தியே அவர் பாலிசி செத்துவிட்டது, அது தெரியாமல் தினமும் அதற்கு விளக்கேற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். ஒரு கடுதாசி போட்டிருந்தா உன் விரலு தேஞ்சா போயிருக்கும் என்று நன்றாகக் கேட்டேன். பஸ்ஸ எரிச்சதிலேருந்து சைக்கிளத் தொடவே பயமா இருக்குக்கா, எனக்கும் புள்ளைங்க இருக்கு என்று தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு மேல் என்னத்தைத் திட்டுவது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவள், பதினாறு வயதில் உன்னைப் பெற்றவள், ஆனால் எனக்குப் புரியாததைக் கேட்காமல் விடமாட்டேன். நாமினி என்றால் என்னடா என்று அவனையே கேட்டேன். பாலிசி எடுத்த ஆள் செத்தா காசு வாங்குற ஆளுதான்க்கா என்றான். நீ என் பெயரை எங்கே எழுதியிருக்கிறாய் என்று புரிகிறதா தம்பி? இன்னொன்றும் சொன்னான். கலகத்தில், துப்பாக்கிச் சூட்டில் செத்தால் காசு கிடையாது என்று சில பாலிசியில் ஒரு மூலையில் போட்டிருப்பார்களாம். உன்னுடையதில் அப்படி இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டியாவது படி. அந்தப் பகாங் ரோட்டில் காய்ச்சலா உன்னைக் கொல்லப் போகிறது?

இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு அந்தக் காசு வேண்டாம். ரங்கசாமிக்குத் தெரிந்த சீனத் தவுக்கே ஒருவர் பாச்சாங்கில் அரிசிக் கடை வைத்திருக்கிறார், டவுனுக்குள்ளேயே லாரி ஓட்ட ஆள் தேடுகிறார். சம்பளம் உனக்கு இப்போது வருவதில் பாதிதான், நீ மூக்கைச் சுளிப்பாய், சுளித்துக்கொண்டே வா. அப்பா போட்ட முடிச்சை நேற்று நான்தான் பல்லால் கடித்து அவிழ்த்தேன், இறுக்கித்தான் முடிந்திருக்கிறார் மனுஷன். சாமிக் குத்தம் என்றால் என் தலையோடு போகட்டும். அந்தக் காசை அப்படியே உனக்கு மணியார்டர் செய்திருக்கிறேன், அது உன் வழிச்செலவுக்கு. அதில் பிரிமியம் கட்டினாய் என்று தெரிந்தால் அங்கேயே வந்து அறைவேன்.

வருகிற வரைக்கும் தனியாக லாரியை எடுக்காதே, காவல் வண்டி முன்னால் போனால் மட்டும் பின்னால் போ. மாரியம்மன் உன் கூடவே உட்கார்ந்து வரட்டும். வருகிற நாளை முன்கூட்டி எழுது, அன்றைக்கு மூன்று பேருக்கு உலை வைக்கிறேன்.

உன்னை மட்டும் கேட்கிற அம்மா,
இருசம்மாள்