அருவி அடித்த முதுகு

14-7-62, சனி. மேலகரம்.

என் வீட்டுக்காரரை இன்று குற்றாலத்துக்கு விட்டிருக்கவே கூடாது. இவருடைய அண்ணாச்சிதான் பிடிவாதமாக இழுத்துப்போனார். "எத்தன பேருக்கு வாதமே போயிருக்கு. இங்கன நில்லுலே, ரத்தம் தானா ஊறும்" என்று அருவிக்கடியில் நிறுத்தினார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் தண்ணீர் விழுந்த இடமெல்லாம் கன்றிக் கறுத்திருக்கிறது.

பாளையங்கோட்டை டாக்டர் போன வாரமே சொன்னார். எலும்புக்குள்ளே ரத்தத்தைப் பிறப்பிக்கிற மூல அணுக்கள் இருக்கின்றனவாம். வருஷக்கணக்காக எக்ஸ்ரே கதிர் பட்டுப் பாதி செத்துவிட்டன. மிச்சம் இருப்பவை பழுதோடு பெருகுகின்றன. அவற்றுக்குப் பிறப்பதும் பழுதுதான். அருவி அங்கே எப்படிப் போய் எட்டும்?

இவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் எக்ஸ்ரே மெஷினைச் சோதிக்கத் தன் கையைத்தான் அதன் முன்னால் நீட்டுவார். திரையில் விரல் எலும்பு தெளிவாகத் தெரிந்தால் மெஷின் சரி. அங்கே எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

குப்புறப் படுத்திருந்தவர் இப்போது கேட்கிறார்: "திங்கக்கிழமை நான் போகலன்னா மெஷின் முன்னால யாரு கைய வைப்பா?"

யாரும் வைக்க வேண்டாம். யாருமே வைக்க வேண்டாம், சாமி.