எழுத்துக்குப் பார்டர்

காஞ்சிபுரம்
2-9-2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் நலம். சென்னையில் உன் அக்கா காந்தா வீட்டில் நீயும் நலம்தானே? என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டதால் கூரியரில் அனுப்புகிறேன். முகவரியைப் பார்த்த கூரியர்காரர், "இன்னா சார், வீட்டுக்காரம்மாவுக்கே லெட்டரா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

நம் கடைப் பலகைக்காக நீ இரண்டு வருடம் கம்ப்யூட்டரில் வரைந்த எழுத்தை நான் குறை சொல்லவே இல்லை. 'சங்கரி பட்டு' என்று கட்டை கட்டையாக, சுழியெல்லாம் காம்பஸ் வைத்த வட்டமாக, தெருமுனையிலிருந்தே தெரிந்தது. ஆனால் பலகை மாட்டியதும் முதலில் உள்ளே வந்தவர் என்ன கேட்டார்? "பத்து மூட்டை சிமெண்ட்டு வேணும்பா. வண்டி அனுப்புவீங்களா?" அதனால்தான் நீ திருப்புட்குழி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் பெயின்டர் சின்னப்பையனைக் கூப்பிட்டு, எழுத்தைச் சுற்றி ஜரிகை பார்டரும் இரண்டு அன்னப்பட்சியும் போடச் சொன்னேன். பார்டர் இல்லாமல் இந்த ஊரில் கர்ச்சீப்கூட விற்க மாட்டோம். இதற்கா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாய்?

ஆவணி முகூர்த்தக் கூட்டம். சீக்கிரம் வந்துவிடு.

அன்புடன்,
பரசுராமன்

சென்னை
5-9-2025

'சங்கரி பட்டு' உரிமையாளர் திரு. பரசுராமன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம் விசாரித்ததற்கு நன்றி.

'ங்' மேலே இருக்கும் புள்ளி சரியான இடத்தில் உட்கார எனக்கு மூன்று வாரம் ஆனது. நீங்கள் அதற்குக் குங்குமம் வைத்துவிட்டீர்கள். 'க' வயிற்றில் ஓர் அன்னம். 'ப'வுக்குள் இன்னோர் அன்னம், தொட்டியில் குளிக்கிற மாதிரி! அக்கா என்னை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அவரு குடிக்கிறாராடி? அடிக்கிறாரா?" என்று கேட்டாள். "அன்னப்பட்சி வரையச் சொல்லிட்டாரு" என்று அழுதேன். அவள் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

கோபம் அன்னத்தின் மேல் இல்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான். நெய்து முடித்த உங்கள் புடவையில் நான் ஸ்கெட்ச் பேனாவால் பூ வரைந்தால் பேசாமல் இருப்பீர்களா?

அன்னங்கள் இறங்காமல் அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன். சின்னப்பையனை ஏற்றக் கூடாது. நீங்களே ஏணி ஏற வேண்டும்.

இப்படிக்கு,
சத்யப்ரியா

பி.கு.: கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அது ஒன்றும் செய்யவில்லை.

காஞ்சிபுரம்
12-9-2025

அன்புள்ள பிரியாவுக்கு,

ஏறினேன். எனக்கு உயரம் என்றால் உதறல் எடுக்கும் என்று தெரிந்துதானே சொன்னாய்? கீழே ஏணியைப் பிடித்த சின்னப்பையன், "அரை நாள் குந்திக்கினு வரைஞ்சேன் சார், இப்பிடி சுரண்டறீங்களே" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

சுரண்டச் சுரண்ட உன் எழுத்து வெளியே வந்தது. கையில் டேப் இருந்தது, அளந்து பார்த்தேன். 'ட்'டில் நிற்கிற கோட்டின் தடிமன் நான்கு அங்குலம், படுத்திருக்கிற கோடு மூன்றரைதான்! மாட்டினாள் பிரியா, தப்புப் பண்ணியிருக்கிறாள் என்று குஷியாக இறங்கினேன். கீழே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே தடிமன். மறுபடி ஏறினேன், அளந்தேன், இறங்கினேன். ஐந்து தடவை. "உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா சார்?" என்றான் சின்னப்பையன். அப்புறம்தான் மண்டையில் ஏறியது. கண்ணுக்குச் சமமாகத் தெரிய வேண்டும் என்று அளவில் குறைத்திருக்கிறாய்!

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, இரண்டு வருடமாக என்ன வரைகிறாய் என்று நான் ஒருநாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடு.

நேற்றும் ஒருவர் வந்து வீடு கட்டக் கம்பி கேட்டார். "கம்பி இல்லீங்க, பட்டு இருக்குது. வீட்டுல கல்யாணம் ஏதாச்சும் உண்டா?" என்றேன். மகளுக்காம். முகூர்த்தப் புடவை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'ப'வில் அன்னத்தின் கழுத்து மட்டும் பாக்கி. எட்டிச் சுரண்டப் பயமாக இருந்தது. தைரியம் வந்ததும் மறுபடி ஏறுகிறேன்.

உன்,
பரசு

பி.கு.: செடி பிழைத்துவிட்டது.

சென்னை
16-9-2025

என் வீட்டுக்காரருக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். டேப் வைத்து அளந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அங்கே அழுதுவிட்டேன். அந்த அரை அங்குலத்தை இதுவரை யாரும் கவனித்ததில்லை.

இனிமேல் வருவதைப் படித்துச் சிரிக்கக் கூடாது. கடையில் ஆள் இருந்தால் உள்ளே போய்ப் படியுங்கள். என் எழுத்தை, பலகையில் இல்லாத மற்ற எழுத்துகளோடு முழு ஃபான்ட்டாகவே ஒரு கம்பெனி வாங்கிவிட்டது. சிமெண்ட் கம்பெனி. "இதைப் பார்த்தாலே ரெண்டு மூட்டை வாங்கணும்போல இருக்குதும்மா" என்றார் அந்த மேனேஜர். எனக்கு உங்கள் முகம்தான் கண்ணில் வந்து நின்றது.

எழுத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்றார்கள். குட்டை, தடிமன், வளைகிற இடத்தில்கூட மெலியாது, பக்கத்தில் யார் வந்தாலும் தள்ளி உட்காராது. நான் வேறு என்ன பெயர் வைப்பேன்? 'பரசுராமன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இது கோபமாக இருந்தபோதே முடிவு செய்தது. இப்போதும் மாற்றவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் ஏணிப் பக்கமே போக வேண்டாம். அந்தக் கழுத்து இருக்கட்டும். அதுவும் இல்லையென்றால் சிமெண்ட் கடை என்று நினைத்து நானே தாண்டிப் போய்விடுவேன்.

உங்கள்,
பிரியா