மூடியில்லாச் சாடி

அன்பு மகள் பாப்புவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் பெரிய குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கித் திடமாக இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. ஏலக்கூடத்தில் எல்லாம் வழக்கம்போல்தான், பழம்பொருளைப் புரட்டிப் பார்த்து மதிப்பெழுதுவது நான், கீழே கையெழுத்துப் போடுவது மேலாளர், நான் கற்றுக்கொடுத்ததை எனக்கே பாடமெடுக்கிறார். அது கிடக்கட்டும்.

நீ அனுப்பிய கண்ணாடிச் சாடியின் படங்களைப் பார்த்தேன். பழைய சாமான் கடையில் வாங்கினேன், கைப்பிடியில் இருக்கும் திருகு புதுமாதிரியாக இருப்பதால் ஐம்பது வயதைத் தாண்டாது என்று கடைக்காரர் சொன்னார், சரியா என்று கேட்டிருக்கிறாய். சரியில்லை. உலோகத்தை வைத்துக் கண்ணாடிக்கு வயது சொல்லக் கூடாது. உலோகம் வளையும், உடையும், மாற்றுவார்கள். கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். பட்டைகளின் விளிம்பை விரலால் தடவு, கூராக இருந்தால் கையால் செதுக்கியது, மழுங்கலாக இருந்தால் அச்சில் அழுத்தியது. இது அச்சுக் கண்ணாடி. பக்கவாட்டில் மேலிருந்து கீழே மெல்லிய தழும்புகள் ஓடுகின்றனவே, அவை அச்சின் துண்டுகள் சேர்ந்த இடம். அடிப்பாகத்தில் கீறல்கள் தாறுமாறாக இருக்கின்றன, அது நெடுநாள் புழக்கம், பழசாகக் காட்ட உரசியிருந்தால் எல்லாக் கீறலும் ஒரே பக்கமாக ஓடும். கழுத்து வளையத்தில் கை படுகிற இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து பித்தளை தெரிகிறது, உள்ளே வெள்ளைச் சாந்து உதிர்கிறது, அந்தக் காலத்தில் பசைக்குப் பதில் அதைத்தான் ஊற்றினார்கள். நூறு வயதுக்குக் குறையாது.

இவ்வளவும் நீ கேட்டதற்காக எழுதினேன். எனக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை, இது நம் வீட்டுச் சாடி என்று முதல் படத்திலேயே தெரிந்துவிட்டது. அந்தத் திருகு ரேடியோப் பெட்டிக்குள் போடுகிற திருகு. போட்டவர் உன் தாத்தா. பக்கத்தில் ஈயப்பற்று ஒன்று ஒருபுறமாக வழிந்திருக்கிறதே, அதுவும் அவர் வைத்ததுதான். ஊரில் பாதி ரேடியோவுக்கு முத்துப் போலப் பற்று வைத்த மனிதர், அப்போது இடது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் நீ எழுதிய வாயகலத்தை என் மேசைமேல் குண்டூசி போட்டு வைத்திருக்கும் மூடியோடு அளந்து பார்த்தேன், சின்ன வயதில் பொம்மைக்குத் தொப்பி என்று வைப்பாயே அந்த மூடி. மயிரிழை பிசகவில்லை. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து உன் அம்மா, "சாடிய பாக்குறீங்களா, இல்ல அதுக்குப் பின்னாடி யார் கைன்னு பாக்குறீங்களா?" என்றாள். அவளுக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. இந்த வீட்டில் எல்லாம் கடைசியில் தெரிகிறவன் நான்தானே.

சாடி இத்தனை நாளும் இருந்தது உன் சித்தப்பாவிடம். அவனைப் பார்க்காதே என்று நான் சொன்னதில்லை. பார்த்தால் என்னிடம் சொல்லாதே என்றேன், அதை நீ காப்பாற்றிவிட்டாய். தன்னைக் கடைக்காரர் என்று எழுதச் சொன்னது அவனாக இருந்தால், அந்தக் குறும்பு அவனை விட்டுப் போகவில்லை என்று தெரிந்துகொண்டேன். நான் எதையும் மறக்கவில்லை. என் அம்மா படுக்கையில் கிடந்த மாதங்களில் வேலை, விடுமுறை இல்லை என்று எழுதிக்கொண்டே இருந்தவன், எல்லாம் முடிந்தபின் வந்து நின்று, "அம்மா இத எனக்குன்னு சொல்லியிருக்காண்ணா" என்று சாடியை எடுத்துத் துணியில் சுற்றினான். "படுக்கையைத் துவைக்க நான், சாடியைத் தூக்க நீயாடா?" என்றேன். மூடி எங்கே என்று மட்டும் கேட்டான். தேடிக்கோ என்றேன். என் சட்டைப்பையில்தான் இருந்தது. அதற்காக நான் வருந்தவும் இல்லை.

ஆனால் உன் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். அடிப்பாகத்தைக் காட்டக் கடைக்காரர் சாடியைத் திருப்பியபோது கை நடுங்கியது, நான்தான் பிடித்துக்கொண்டேன் என்று. அதை எத்தனை தரம் படித்தேனோ. எந்தக் கை, பாப்பு? இடதா? சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படுகிறானா? நடக்கும்போது அந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டி நிற்கிறதா? தாத்தாவுக்கு அப்படித்தான் ஆரம்பித்தது, வயசு என்று எல்லோரும் சும்மா இருந்தோம். அவன் என்னைவிட நாலு வயது சின்னவன். தனியாக இருக்கிறான். மருத்துவரிடம் போகச் சொன்னால் சிரித்து மழுப்புவான், நம்பாதே, நீயே கூட்டிப் போ. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

சாடியை வெந்நீரில் கழுவாதே, வளையம் ஆடினாலும் பசை போடாதே, ஆடட்டும். மூடியைத் தபாலில் அனுப்ப மாட்டேன், நசுங்கிவிடும். வேண்டியவன் நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும். அப்படி வருவதானால் நீயும் கூட வா. அவன் சாடியைத் தூக்க வேண்டாம், நீ தூக்கி வா.

நீ எடுத்த காரியம் எல்லாம் நிறைவாக நடக்கட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. எந்தக் கை என்று உடனே எழுது.

உன் அப்பா