ஒரே பதில் சொல்லும் இருவர்

நம் இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இது நானே எழுதும் முதல் கடிதம். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நான் கூட்டித் துடைக்கும் கணிதத் துறையில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். ஏழு வந்ததும் சுழியத்துக்குத் திரும்பிவிடும் எண்களை வைத்து வளைந்த பரப்புகளை ஆராய்கிறவர். போன திங்கட்கிழமை பலகையில் அப்படி இரண்டு பரப்புகளைக் காட்டினார்.

"எதக் கேட்டாலும் இதுங்க ரெண்டும் ஒரே பதில்தான் சொல்லும் தாத்தா. புள்ளிய எண்ணினாலும் சமமா வரும்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"அதான் இல்ல. வேற வேற."

துடைப்பத்தோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். "தாத்தாவுக்குக் கணக்கு தலைக்கேறிடுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

ஆறு மாதமாகப் பெரியவன் பேசி முடித்துப் போனைச் சின்னவனிடம் கொடுக்கிறான். இருவர் குரலும் எப்போதும் ஒன்றுதான். ஆனால் போன வாரம் இருவருக்கும் ஒரே சளி, ஒரே இருமல். சின்னவன் என்னை 'ஹீரோ' என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டான். அண்ணனைப் போலவே மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறான்.

எனக்குத் தெரிந்துவிட்டது. பெரியவனைத் திட்டாதே. தம்பியாகவும் பேசிப் பேசி அவன் எவ்வளவு களைத்திருப்பான்.

சின்னவன் சட்டை ஒன்று அனுப்பு, என் அளவுதான். வேலைக்கு நேரமாகிவிட்டது. அவன் எந்த நாளில் நம்மை விட்டுப் போனான் என்று எழுது. முன்போல யாரும் படித்துக் காட்ட வேண்டாம். நானே படித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா